ஓட்டைப் பணியாரம்

எண்ணெய் காயும் வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு அடிவயிறு கலங்கும். இந்த வயதிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு மருமகள் முறுக்குச் சட்டியை அடுப்பில் ஏற்றினால், நான் எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். "என்ன அத்தை, யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பாள். "இல்லத்தா, சும்மாதான்" என்பேன். சும்மா இல்லை. இந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. மதுரையில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பெண்கள் போர்டிங்கில் மேட்ரனாக இருந்தவர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். அதனால் கூப்பிடுகிற வழக்கமே அங்கே இல்லை. அவரிடம் பேச வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு முன்னால் போய், கொஞ்சம் தள்ளி நின்று, அவர் கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். நான் சேர்ந்த அன்றைக்கே சமையல்கார அன்னம்மாள் இதைச் சொல்லிவிட்டாள்.

என் அப்பா வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நான் டிரெயினிங் முடித்த கையோடு மதுரையில் சின்ன வகுப்புகளுக்கு வேலை கிடைத்தது. ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியிருந்த சமயம். தங்க இடமும் சாப்பாடும் போர்டிங்கில் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளைக் கவனிப்பதில் மேட்ரன் அம்மாவுக்கு நான் ஒத்தாசையாக இருக்க வேண்டும்.

தகரப் பெட்டியோடு நான் போய் இறங்கிய சாயங்காலம் வராந்தா முழுக்க ஒரு வாசம். நெய்யும் ஜாதிக்காயும் கலந்த மாதிரி. அன்னம்மாள் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பார்க்க உளுந்தவடை மாதிரி நடுவில் ஓட்டை. நிறம் அதிரசம் மாதிரி. மேலே பொடித்த சர்க்கரை. கடித்தால் வடையும் இல்லை, அதிரசமும் இல்லை. மேலே மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே பஞ்சு. அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னால் தின்றதே இல்லை. இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கையை நீட்டினேன்.

"நல்லாத் தின்னுங்க டீச்சர்" என்றாள் அன்னம்மாள். "இன்னைக்கு ஏதோ நடக்கப் போகுதுன்னு அம்மா பயந்துபோயி இருக்காக."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். மேட்ரன் அம்மாவுக்குப் பயம் வந்தால் எண்ணெய்ச் சட்டி ஏறும். பயம் எம்புட்டோ பலகாரம் அம்புட்டு. பண்டிகைக்குச் செய்ய மாட்டார், பிறந்தநாளுக்குச் செய்ய மாட்டார். அன்றைக்குக் குளிக்கிற அறையில் ஒரு பாம்புச் சட்டையைப் பார்த்துவிட்டாராம். சட்டையை விட்டுவிட்டுப் போன பாம்பு எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு கூடை நிறையப் பொரித்துவிட்டார்.

நான் மூன்றாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

அந்தப் பலகாரத்தை மேட்ரன் அம்மா கற்றுக்கொண்டது சின்ன வயதில், ஒரு பங்களாவில். அமெரிக்காவிலிருந்து வந்த துரைசானி ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். துரைசானி அதற்கு 'டோநட்' என்று பேர் சொன்னாராம். எங்கள் பிள்ளைகள் வாயில் அது நுழையவில்லை, ஓட்டைப் பணியாரம் என்றார்கள். மைதா மாவு, முட்டை, புளித்த தயிர், சோடா உப்பு, சர்க்கரை, ஜாதிக்காய்த் தூள். பிசைந்து, தட்டி, பித்தளைத் தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போடுவார். நடுவில் மருந்துப் புட்டியின் மூடியை வைத்து ஒரு அழுத்து. வெளியே வருகிற குட்டி உருண்டைகளுக்குச் சின்னப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்.

"நடுவுல ஏன்மா ஓட்டை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நடுவுலதான் வேகாமக் கெடக்கும்" என்றார். "வேகாத மாவு புள்ளைக வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்? அதுக்குத்தான். நடுவே இல்லைன்னா பயம் இல்லை பாரு."

ஒல்லியான, உயரமான உடம்பு. வெள்ளைச் சேலை. இடுப்பில் சாவிக்கொத்து. நடக்கும்போது சாவி குலுங்காமல் இருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடப்பார். அவருடைய சாவிச் சத்தமே அவரைப் பயமுறுத்துமாம். பல்லி, இடி, பஸ் ஹாரன், தாடி வைத்த சாமியார், சிவப்புத் தலைப்பா போலீஸ், ஆற்றுத் தண்ணீர், வீட்டுக்குள் வந்துவிட்ட வண்டு, எல்லாமே அவருக்கு ஒரே அளவுதான். எதற்கு அதிகம் பயப்பட வேண்டும், எதற்குக் குறைவாகப் போதும் என்ற கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. வாயைத் திறந்தால் "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, தாழ்ப்பாளுக்குக் கயிறு கட்டி, கயிற்றுக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதுக்கும் இருக்கட்டும் என்பார். வாந்திபேதிக் காலத்தில் குடிக்கிற தண்ணீரை மட்டுமா கொதிக்க வைத்தார்? பிள்ளைகள் தலையில் வைக்க வந்த கனகாம்பரத்தையும் வெந்நீரில் போட்டு எடுத்தார். பூவெல்லாம் சாயம் போய் வெந்த கீரை மாதிரி கிடந்தது. பிள்ளைகள் அழுதார்கள். அந்த மாதம் எங்களுக்குக் கஞ்சியும் ஓட்டைப் பணியாரமும்தான். "கொதிக்கிற எண்ணெய்க்குள்ள போனது எதுவும் உசுரோட வெளிய வராது, தைரியமாச் சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். அவர் சொன்னதைக் கேட்டபிறகு தைரியம் எங்கிருந்து வரும்?

நானும் முதலில் சிரித்தவள்தான். சின்னப் பெண், டிரெயினிங் படித்தவள், பயமெல்லாம் படிக்காதவர்களுக்கு என்ற நினைப்பு. ஒரு மழைக்காலம் அதை அடித்துக்கொண்டு போனது.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. பிள்ளைகள் படுக்கிற தெற்கு ஹாலின் சுவரைப் பார்த்து மேட்ரன் அம்மா நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. விரிசல் இல்லை, ஈரம்கூட மற்றச் சுவர்களில் இருந்த அளவுதான்.

"என்னம்மா பாக்குறீங்க?"

"நான் பாக்கல புள்ள. அதுதான் என்னையப் பாக்குது."

சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய்ச் சட்டியை ஏற்றிவிட்டார். பிள்ளைகளின் பாய்களையெல்லாம் சுருட்டி ஜெபக் கூடத்துக்கு மாற்றச் சொன்னார். போர்டிங்கை நடத்திய தலைமைத் துரைசானிக்குக் கோபம். ஜெபக் கூடத்தில் பாயைப் போட்டுப் படுப்பதாவது என்றார். மேட்ரன் அம்மா அவர் முன்னால் ஒரு தட்டுப் பலகாரத்தை மட்டும் நீட்டினார். துரைசானிக்கு என்ன தோன்றியதோ, சரி என்று விட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வழக்கமாகப் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற நேரம், அந்தச் சுவர் அப்படியே உள்பக்கமாகச் சாய்ந்தது. பாய் விரிக்கிற இடத்தில் இடுப்பளவுக்கு மண்.

எல்லாரும் முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னோம். துரைசானி மேட்ரன் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாம் முடிந்து நான் சமையலறைக்குப் போனால், மறுபடியும் மாவு பிசைகிற சத்தம்.

"அதான் விழுந்துருச்சே, இன்னும் என்னம்மா பயம்?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் ரெண்டும் கலங்கியிருந்தது. "இது விழுந்துருச்சு. அடுத்தது எதுன்னு தெரியலையே."

அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்கும் தூக்கம் போனது. அவர் பயந்ததில் ஒன்று பலித்துவிட்டது, அப்படியானால் மற்றதெல்லாம்? சட்டி ஏறுகிற சத்தம் கேட்டால் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கைச் சாக்பீஸ் நழுவும். பிள்ளைகளும் அப்படியே ஆனார்கள். தட்டில் பலகாரம் வந்ததும் ஓடிப்போய் எடுப்பார்கள். எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். தின்பார்கள். தின்றுகொண்டே சன்னலைப் பார்ப்பார்கள். அம்புட்டு ருசியான ஒரு பலகாரத்தை அப்படிப் பயந்துகொண்டே தின்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு ஏன்மா இம்புட்டுப் பயம்? சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சா?"

அன்னம்மாள் ஒரு கதை சொல்லியிருந்தாள், இந்த அம்மாவின் புருஷன் ரங்கூனுக்குப் போய்த் திரும்பவில்லை என்று. தோட்டக்காரர் வேறு ஒரு கதை சொல்லியிருந்தார். மேட்ரன் அம்மாவோ கேள்வியே புரியாத மாதிரி என்னைப் பார்த்தார்.

"பயப்படறதுக்குக் காரணம் வேணுமா? பயப்படாம இருக்கத்தானே புள்ள காரணம் வேணும். உனக்கு இருக்கா? இருந்தாச் சொல்லு, நானும் கேட்டுக்கிறேன்."

நான் வகுப்பு மணி அடிக்கப் போனேன்.

போலீஸ் சங்கதியைச் சொல்ல வேண்டும். சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை. அதற்குள் நெல் கொட்டி வைக்கிற ஆளுயர மண் குலுக்கை ஒன்று நின்றது. ஒரு நாள் காலையில் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். திருடன் என்று முடிவு கட்டிய மேட்ரன் அம்மா, வாட்ச்மேனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விரட்டினார். ஏட்டையா ஒருவர் கான்ஸ்டபிள்களோடு வந்தார். தடித்த மீசை, தொப்பை, நல்ல மனிதர்தான். கதவைத் திறந்து குலுக்கைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு குரங்கு வெல்லக் கட்டியோடு உட்கார்ந்திருந்தது. ஏட்டையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது பலகாரமும் தின்றார். அதற்கப்புறம் அவரை அந்த அம்மா எத்தனையோ முறை வரவழைத்தார். கூரைமேல் ஆள் என்று ஒரு முறை, கிணற்றுக்குள் யாரோ முனகுகிறார்கள் என்று ஒரு முறை. "உள்ள ஆளு இருக்கு ஐயா, எதுக்கும் பாத்துருங்க" என்பார். பார்த்தால் பூனை இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது. கடைசியில் ஏட்டையா வருவதை நிறுத்திக்கொண்டார். தெருவில் எங்களைப் பார்த்தால், "என்ன டீச்சர், குலுக்கை சௌக்கியமா?" என்று கேட்பார்.

அப்புறம் நாற்பத்திரண்டாம் வருஷத்து அந்த ஆகஸ்டு வந்தது. காங்கிரஸ் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்து, ஊர் கொதித்துப்போயிருந்தது. கடைகள் அடைப்பு. தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள், தபாலாபீசைக் கொளுத்திவிட்டார்கள், மாசி வீதியில் சுட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எது நிஜம், எது புரளி என்று யாருக்கும் தெரியவில்லை. துரைசானி காய்ச்சலோடு கொடைக்கானல் போயிருந்தார். அன்னம்மாள் ஊருக்குப் போனவள் பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வாட்ச்மேனும் தோட்டக்காரரும் வேலைக்கு வரவில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு தூரத்தில் இருந்த பிள்ளைகளும், வீடே இல்லாத பிள்ளைகளும், மேட்ரன் அம்மாவும் நானும்தான் மிச்சம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். தெருக்கோடியில் "வந்தே மாதரம்" என்று பெருங்கூச்சல். அது அப்படியே கிட்ட வந்தது. அப்புறம் விசில் சத்தம். கூச்சல் அலறலாக மாறியது. செருப்புகள் சிதறி ஓடுகிற சத்தம், தகரக் கதவுகளில் தடி விழுகிற சத்தம். பிள்ளைகளை ஜெபக் கூடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். "பாட்டுப் பாடுங்க, சத்தமாப் பாடுங்க" என்றேன். மேட்ரன் அம்மாவைத் தேடிச் சமையலறைக்கு ஓடினேன்.

சட்டி ஏறியிருந்தது. முதல் ஈடு பொரித்துத் தட்டில் கிடந்தது. அடுத்ததற்கு மாவு எடுக்கப் பெரிய பேசின் நிறைய மைதாவைச் சலித்துக் கையில் வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் மைதா கிடைப்பது அத்தனை கஷ்டம். அந்த மாவை அவர் பொன் மாதிரி மூடி வைத்திருந்தார்.

பின்வாசல் கதவு படாரென்று திறந்தது. ஒரு ஆள் உள்ளே விழுந்தான். தலையிலிருந்து ரத்தம் கண்ணை மறைத்துக்கொண்டு வழிந்தது. நான் கத்திவிட்டேன். அப்புறம்தான் யாரென்று தெரிந்தது. சுப்பையா. திருமங்கலத்துக்காரன். கடையிலிருந்து எங்களுக்கு மாவும் பருப்பும் கைவண்டியில் கொண்டுவந்து போடுகிறவன். அமைதியான பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அம்மா, தொரத்திக்கிட்டு வாராங்கம்மா. கையில கெடச்சா அடிச்சே கொன்னுருவாங்க."

"நீ என்னடா பண்ணுன?" என்றேன்.

"நான் வண்டியத்தான் டீச்சர் ஓரமா நிறுத்துனேன். எல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடுனேன்."

மேட்ரன் அம்மாவுக்கு உதடு வெளுத்துவிட்டது. பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாமான் அறைப் பக்கம் விரலை நீட்டினார். அரிசி கட்டுப்பாடு வந்த பிறகு குலுக்கை பாதி காலி. சுப்பையா விளிம்பைப் பிடித்து ஏறி உள்ளே இறங்கினான். நான் மூடியை எடுத்து மேலே வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால், பின்வாசலிலிருந்து சாமான் அறை வரைக்கும் தரையில் ரத்தச் சொட்டு. சொட்டுச் சொட்டாக, கோலப் புள்ளி வைத்த மாதிரி.

துடைக்கத் துணியைத் தேடினேன். அதற்குள் பின்வாசலில் தடியால் ஒரு அடி. அந்தச் சத்தத்துக்கு மேட்ரன் அம்மா துள்ளினார். கையிலிருந்த பேசின் எகிறி விழுந்தது. மாவு முழுக்கத் தரையில். வெள்ளை வெளேரென்று வாசலிலிருந்து அறை வரை பரவிவிட்டது. ரத்தம் இருந்த இடமே தெரியவில்லை.

உள்ளே வந்தவர் அந்த ஏட்டையா. பின்னால் சிவப்புத் தலைப்பாக்கள். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கன்னத்தில் கல் பட்டு வீங்கியிருந்தது.

"ஒருத்தன் இந்தப் பக்கம் ஓடியாந்தானா?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். ஏட்டையா மாவைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். சாமான் அறைக் கதவைப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேட்ரன் அம்மா பேசிவிட்டார்.

"உள்ள ஆளு இருக்கு ஐயா."

ஜெபக் கூடத்தில் பிள்ளைகள் பாடுவது கேட்டது. சட்டியில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

"குலுக்கைக்குள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான். எனக்குத் தெரியும். எதுக்கும் பாத்துருங்க ஐயா. எனக்குப் பயமா இருக்கு."

கண்ணீர் வழிய, அந்த அம்மா குலுக்கை இருந்த பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு சின்னக் கான்ஸ்டபிள் தடியை எடுத்துக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தான்.

ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், நில்லுடா. அதுக்குள்ள கொரங்குதான் இருக்கும். உனக்குத் தெரியாது, நீ புதுசு." மேட்ரன் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, ஊரே பத்தி எரியுது. இன்னைக்குமா உங்களுக்குக் குலுக்கைக்குள்ள ஆளு? கதவைச் சாத்திக்கிட்டுப் புள்ளைகளோட உக்காருங்க. யாரு தட்டுனாலும் தொறக்காதீங்க."

தட்டிலிருந்து ரெண்டு பலகாரத்தை எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மாவை மிதித்துக்கொண்டு எல்லாரும் வெளியே போனார்கள். பூட்ஸ் சத்தம் சந்து முனையைத் தாண்டித் தேய்ந்தது.

நான் கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்தேன். மேட்ரன் அம்மா அந்த மாவிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சுப்பையாவை நான்தான் வெளியே தூக்கினேன். தலையைக் கழுவி மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினேன். தெரு அடங்கியதும், இருட்டுவதற்குள் சந்து வழியாகப் போனான். போகும்போது மேட்ரன் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. குலுக்கைக்குள் இருந்து அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

எனக்கு அதுவே மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த அம்மா என்ன நினைத்துச் சொன்னார்? உண்மையைச் சொன்னால் ஏட்டையா நம்ப மாட்டார் என்று தெரிந்து சொன்னாரா? அல்லது, பயத்தில் உள்ளதைக் கக்கிவிட்டாரா? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் அவருக்கு முன்னால் போய் நின்று கேட்டேன்.

"ஏட்டையாவை ஏமாத்தத்தானேம்மா அப்படிச் சொன்னீங்க?"

அவர் இடுப்புச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எனக்கே தெரியல புள்ள. வாயத் தொறந்தேன். அதுதான் வந்துச்சு."

"நல்லதாத்தான் முடிஞ்சது."

"முடிஞ்சது சரி. அந்தச் சின்னப் பய இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தான்னா?" என்றார். "இம்புட்டு நாளும் வெளிய இருக்கறதுக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன். தாழ்ப்பாப் போட்டா அது வெளியவே நின்னுரும். இது எனக்குள்ள இருக்கே. இதுக்கு எங்க போயித் தாழ்ப்பாப் போட?"

அதற்குப் பிறகு எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. இடி இடித்தது, பாம்பு வந்தது, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சைரன் வைத்துப் பழக்கினார்கள். சமையலறையில் சத்தமே இல்லை. மாவு இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னோம். மேட்ரன் அம்மா யாரோடும் பேசுவதை விட்டுவிட்டார். யாராவது வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவர் பயந்து பலகாரம் செய்த நாளில் எனக்கு வயிறு கலங்கியது என்றேனே, செய்யாத அந்த நாட்களில் அதைவிட மோசமாக இருந்தது. வீடு முழுக்க ஏதோ ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு நடமாடுகிற மாதிரி.

மழை விட்டு, கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். காலை வேளை. கேட்டில் கைவண்டி சத்தம். சுப்பையா ஒரு மைதா மூட்டையோடு நின்றான். நெற்றியில் தழும்பு. அவன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு திருமங்கலத்திலேயே இருந்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு மறுபடி கடை வேலைக்கு வந்திருக்கிறான். வராந்தாவில் நின்ற மேட்ரன் அம்மா அவனைப் பார்த்தார். பார்த்த கணத்தில் திரும்பிச் சமையலறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். விறகைத் திணித்துக்கொண்டிருந்தார். சட்டியை அடுப்பில் தூக்கி வைத்தார்.

சுப்பையா மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். அவர் அதைப் பிரித்து, சலிக்காமலே மாவை அள்ளிப் பிசைய ஆரம்பித்தார். அவன் நின்றான். நான் நின்றேன். முதல் ஈடு வெந்து மேலே வந்தது. எடுத்துச் சர்க்கரையில் புரட்டி, தட்டை அவன் பக்கம் தள்ளினார். அவன் நின்றுகொண்டே ஒன்றை எடுத்துத் தின்றான்.

"நான் சொன்னது உள்ள கேட்டுச்சா?" என்றார். மாவுக் கையாலேயே முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"கேட்டுச்சும்மா."

"என்ன நெனச்ச?"

சுப்பையா மென்றதை விழுங்கினான். "நெனைக்கறதுக்கு எங்கம்மா? மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆளு இருக்குன்னு நீங்க சொன்னதும், இனிமே ஒளிஞ்சு பிரயோசனம் இல்லை, நாமளே இருக்கோம்னு சொல்லிட்டா அடி கொறையும்னு தோணுச்சு. 'ஐயா, இருக்கேன்'னு கத்தத்தான் வாயத் தொறந்தேன். சத்தம் வரலைம்மா. பயத்துல தொண்டை அடைச்சிருச்சு."

மேட்ரன் அம்மா அவனையே பார்த்தார். முந்தானை மெல்லக் கீழே இறங்கியது.

"நீயும் வாயத் தொறந்தியா?"

"தொறந்தேம்மா. நல்லவேளை, எனக்கு வரலை."

அவர் மணையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டியில் இருந்தது கருகப் பார்த்தது, நான் போய் எடுத்தேன். அப்புறம் தட்டுக்குக் கையை நீட்டி ஒன்றை எடுத்தார். அவர் அதைத் தின்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் கடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இம்புட்டு இனிப்பாவா போடுறேன்?"

"ஆமாம்மா" என்றான் சுப்பையா.

அவர் மறுபடியும் கடித்தார். சர்க்கரை மடியெல்லாம் கொட்டியது.